சிகரெட்டும் ஜீன் டெஸ்டும்: கவுண்டரில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பதும், சாம்பிள்களைப் பொதிந்து அனுப்புவதும் என் வேலை. கொஞ்ச காலமாகவே கல்லூரிப் பையன்களும், வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடமான பிள்ளைகளும் ஒரு விஷயத்தை விசாரித்து வருகிறார்கள். வாயில் நாரங்கா மிட்டாய் கிடக்கும், சட்டையில் சிகரெட் வாசம் இருக்கும், குரல் தாழ்ந்திருக்கும். "ஜீன் டெஸ்ட் எடுத்தா நமக்குக் கேன்சர் வருமா வராதான்னு தெரியுமாமே?" ஒரே சந்தேகம் ஆளுக்கு ஆள் வேறு வேறு மாதிரி வருகிறது. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

அண்ணே, சிகரெட் பிடிக்கவனுக்குக் கேன்சர் வருமா வராதான்னு சொல்லுற டெஸ்ட் உண்டும்லா?

இல்லை. 'வரும்' என்றோ 'வராது' என்றோ சொல்கிற டெஸ்ட் எதுவும் இல்லை. உங்கள் டி.என்.ஏ.வில் சில இடங்களைப் பார்த்து, 'மற்றவர்களோடு ஒப்பிட்டால் இந்த நோய்க்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல்' அல்லது 'சற்றுக் குறைவு' என்று சொல்லும் டெஸ்ட்கள் இருக்கின்றன. அந்தச் 'சற்று' எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

அப்ப அதுல என்னத்தத்தான் பாப்பாங்க?

புகைக்கிறவர்கள் விஷயத்தில் அதிகம் பேசப்படுவது 15-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு பகுதி. அங்கே சி.எச்.ஆர்.என்.ஏ.5 என்று ஒரு ஜீன் இருக்கிறது. செல்லில் நிக்கோடின் வந்து ஒட்டிக்கொள்கிற இடமான 'வாங்கி'யின் (ரிசப்டர்) ஒரு பாகத்தை உருவாக்குவது அதன் வேலை. 2008-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இந்தப் பகுதிக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதைக் கண்டுபிடித்தன. அந்தப் பகுதியில் சிலருக்கு ஒரு மாறுபாடு இருக்கும். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து அந்த மாறுபாடு வந்திருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடும். இருவரிடமிருந்தும் வந்திருந்தால் 70, 80 சதவீதம் வரை கூடும்.

இன்னொன்று ஜி.எஸ்.டி.எம்.1. புகையில் உள்ள சில நச்சுகளை உடைக்க உதவும் நொதிக்கான ஜீன் இது. பலருக்கு இந்த ஜீன் பிறவியிலேயே இருப்பதில்லை. வெளிநாடுகளில் புகைக்கும் இளைஞர்களிடம் 'டெஸ்ட் ரிசல்ட்டைச் சொன்னால் என்ன நினைப்பார்கள், என்ன செய்வார்கள்' என்று பார்த்த ஆய்வுகளில் அதிகம் பயன்பட்டது இதுதான். பிறகு பெரிய அளவில் கணக்குப் பார்த்தபோது இதன் தாக்கம் முதலில் நினைத்த அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. இன்றைக்கும் சில ரிப்போர்ட்களில் இதைச் சிவப்பு எழுத்தில் போட்டுப் பயமுறுத்துவதைப் பார்க்கிறேன்.

ரத்தமா எச்சிலா? புகைச்சிட்டு வந்தா சாம்பிள் கெட்டுப்போவுமா?

ரத்தத்திலும் எடுக்கலாம், எச்சிலிலும் எடுக்கலாம், கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்தும் எடுக்கலாம். எச்சில் என்றால் அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, டீ, சூயிங் கம், சிகரெட் எதுவும் கூடாது. குழாயில் கோடு வரைக்கும் எச்சில் நிற்க வேண்டும், நுரை கணக்கில் வராது. மூடியை இறுக்கித் திருகினால் அதற்குள் இருக்கும் திரவம் இறங்கிக் கலக்கும். அதன்பிறகு பல நாள் கெடாது.

அரை மணி நேரம் என்றதும் "அவ்வளவு நேரமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. டெஸ்ட் எடுக்காமலே கிடைத்த ஒரு ரிசல்ட் அது.

எங்க பாட்டா 88 வயசு வர பீடி இழுத்தாரு. ஒண்ணும் வரல. எங்க குடும்ப ஜீன் நல்ல ஜீன்தானே?

அதிகம் கேட்கும் கேள்வி இது. கேட்கும்போதே முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

பாட்டா 88 வரைக்கும் இருந்ததால்தான் அவரைப் பற்றிப் பேசுகிறோம். அவரோடு சேர்ந்து மரச்சீனித் தோட்டத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் பீடி இழுத்து, 50 வயதில் மூச்சிரைப்பிலோ நெஞ்சுவலியிலோ டிபியிலோ போனவர்கள் பேச்சில் வருவதில்லை. இந்தியா முழுவதும் மரணங்களை ஆராய்ந்து 2008-இல் வந்த ஆய்வு ஒன்றில், பீடி பிடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டும், பீடி பிடிக்கும் பெண்கள் 8 ஆண்டும், சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 10 ஆண்டும் ஆயுளை இழப்பதாகத் தெரிந்தது. சராசரி என்றால் எல்லோருக்கும் அவ்வளவுதான் குறையும் என்று பொருள் இல்லை. சிலருக்கு ஒன்றும் குறையாது. சிலருக்கு 20, 25 ஆண்டு குறையும்.

இன்னொன்று, பாட்டாவிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது சராசரியாகக் கால் பங்கு ஜீன்தான். அவரைக் காப்பாற்றியது எதுவாக இருந்தாலும், அது அந்தக் கால் பங்கில் வந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பாட்டாவுக்கு மூச்சு எப்படி இருந்தது என்று வீட்டில் ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள். 'ஒண்ணும் வரல' என்கிற பல பாட்டாமார் கடைசிப் பத்து வருடம் ராத்திரி முழுக்க இருமியவர்கள்தான்.

எனக்க அப்பாக்கு லங்ஸ் கேன்சர். அப்ப எனக்குக் கண்டிப்பா வருமா?

கண்டிப்பாக வரும் என்று இல்லை. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ நுரையீரல் புற்றுநோய் இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு ஓரளவு கூடும். அதில் ஒரு பங்கு ஜீன், இன்னொரு பங்கு ஒரே வீட்டில் சுவாசித்த புகை. அப்பா முற்றத்தில் உட்கார்ந்து பிடித்ததை நீங்களும் சின்ன வயதிலிருந்தே இழுத்திருப்பீர்கள். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

இப்படிக் கேட்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் டெஸ்ட் பற்றிப் பேசுவதில்லை. பலர் திருவனந்தபுரத்தில் உள்ள ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ நெய்யூர் புற்றுநோய் மருத்துவமனைக்கோ அப்பாவைக் கூட்டிக்கொண்டு அலைந்த களைப்போடு வருகிறார்கள். அப்பாவைப் பார்க்கிற டாக்டரிடமே 'எனக்கு என்ன செய்ய வேண்டும்' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் கையில் அப்பாவின் ரிப்போர்ட் இருக்கிறது, உங்கள் எச்சிலைவிட அது கூடுதல் தகவல் சொல்லும்.

'ரிஸ்க் குறைவு'ன்னு வந்தா இன்னும் ஒரு நாலஞ்சு வருஷம் இழுக்கலாம்லா?

இதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருபவை. டெஸ்ட் கேட்டு வரும் இளைஞர்களில் பலர் நோயைத் தெரிந்துகொள்ள வருவதில்லை, ஒரு அனுமதிச் சீட்டு கிடைக்குமா என்று பார்க்க வருகிறார்கள். தப்பாகச் சொல்லவில்லை, அந்த வயதில் யாருக்கும் தோன்றக்கூடியதுதான்.

கணக்கைப் பாருங்கள். புகைக்காத ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பை 1 என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து புகைக்கிறவருக்கு அது 15 முதல் 30 மடங்கு. புரிவதற்காக 20 என்று எடுத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன 15-ஆம் குரோமோசோம் மாறுபாடு ஒரு பக்கத்திலிருந்து வந்திருந்தால் 20 என்பது 26 ஆகும், இரு பக்கத்திலிருந்தும் வந்திருந்தால் 34 அல்லது 36 ஆகும். மாறுபாடே இல்லாத 'நல்ல ஜீன்' புகைப்பவருக்கு 20. அதே மாறுபாடு இரண்டும் இருந்து, ஆனால் வாழ்நாளில் புகைக்கவே இல்லை என்றால்? ஏறத்தாழ 1 தான். புகைக்காதவர்களிடம் அந்த மாறுபாட்டால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆக, ரிப்போர்ட்டில் பச்சையாக 'குறைவு' என்று வருவதற்கு என்ன பொருள்? மற்ற புகைப்பவர்களோடு ஒப்பிட்டால் குறைவு. புகைக்காத உங்கள் தங்கச்சியோடு ஒப்பிட்டால் 20 மடங்கு கூடுதல். இந்த இரண்டாவது வரியை எந்த ரிப்போர்ட்டும் முதல் பக்கத்தில் போட்டு நான் பார்த்ததில்லை.

அது நுரையீரல் புற்றுநோய்க்கு மட்டும் உள்ள கணக்கு. மாரடைப்பு, பக்கவாதம், நாட்பட்ட மூச்சடைப்பு, டிபி என்று புகை தொடும் மற்ற நோய்களைப் பற்றி அந்த ஒரு ஜீன் உங்களுக்கு ஒரு உறுதியும் தரவில்லை. நம் நாட்டில் புகைப்பவர்களைக் கொல்வதில் டிபிக்கும் இதய நோய்க்கும் பெரிய பங்கு இருக்கிறது. கேன்சர் ஒன்றை மட்டும் மனதில் வைத்து டெஸ்ட் கேட்பதே பாதிக் கேள்விதான்.

'ரிஸ்க் கூடுதல்'ன்னு கண்டா பயந்தாவது நிறுத்திருவேன்லா? அதுக்காவது எடுக்கலாமே?

எடுப்பதற்கு முன்பு எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் அதை நம்பத்தான் விரும்பினேன். ஆனால் ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. ஜீன் ரிசல்ட்டைச் சொன்னால் மக்கள் பழக்கத்தை மாற்றுகிறார்களா என்று பார்த்த 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. புகையை நிறுத்துவதிலும் சரி, சாப்பாடு, உடற்பயிற்சியிலும் சரி, சொல்லும்படியான மாற்றம் இல்லை. நல்ல செய்தி ஒன்று, 'ரிஸ்க் குறைவு' என்று தெரிந்தவர்கள் அதனால் கூடுதலாகக் கெட்டுப்போனதாகவும் அதில் தெரியவில்லை. பயம் சில வாரம் இருக்கும், பிறகு பழகிவிடும். சிகரெட் பாக்கெட்டின் மேல் உள்ள படத்துக்குப் பழகவில்லையா?

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே மிகக் குறைவாக இருக்கும் சிலர் இருக்கிறார்கள். இவர்கள் புகைத்தால் 30, 40 வயதிலேயே நுரையீரல் கெட்டுப்போகும். அமெரிக்காவில் புகைப்பவர்களுக்கு இந்த டெஸ்ட் எடுத்துப் பார்த்தபோது, கடுமையான குறைபாடு இருப்பதாகத் தெரிந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக நிறுத்த முயன்றார்கள். அங்கே ரிசல்ட் '30 சதவீதம் கூடுதல்' என்று இழுக்கவில்லை, நேராக ஒரு நோயின் பெயரைச் சொன்னது. செய்தி தெளிவாக இருந்தால் ஆள் கேட்கிறான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் குறைபாடு ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் கூடுதல், நம் நாட்டில் அபூர்வம்.

இலவசமா எடுத்துக் கொடுத்தா எங்க ஹாஸ்டல்ல எல்லாரும் வருவாங்க, முகாம் போடலாமா?

கேட்கும்போது எல்லோரும் வருவேன் என்பார்கள். ஹண்டிங்டன் என்ற பரம்பரை நரம்பு நோய்க்கு டெஸ்ட் வருவதற்கு முன்பு, அந்தக் குடும்பங்களில் கேட்டபோது பெரும்பாலோர் எடுப்போம் என்றார்கள். 1993-இல் ஜீனைக் கண்டுபிடித்து நேரடி டெஸ்ட் வந்த பிறகு பெரும்பாலான நாடுகளில் கால்வாசிப் பேர்கூட எடுக்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசை வேறு, தெரிந்துகொண்டு அதோடு வாழ்வது வேறு. முகாம் போடுவதாக இருந்தால் புகையால் மூச்சில் சேரும் நச்சு வாயுவை ஊதிப் பார்க்கும் கார்பன் மோனாக்சைடு மீட்டரை வைத்துப் போடுங்கள். ஒரு நிமிடத்தில் எண் தெரியும், இரண்டு நாள் புகைக்காமல் வந்து ஊதினால் அந்த எண் இறங்கியிருக்கும். ஜீன் ரிசல்ட் என்றைக்கும் இறங்காது.

எங்க பக்கத்து மணல்லயே கதிர்வீச்சு இருக்குன்னு சொல்லுகாங்க. கேன்சர் எப்படியும் வரும்னா சிகரெட்டை விட்டு என்ன பிரயோஜனம்?

மணவாளக்குறிச்சி, மிடாலம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பது. அந்தக் கடற்கரை மணலில் கதிர்வீச்சுத் தரும் தோரியம் உள்ள மோனசைட் என்ற தாது இருப்பது உண்மை, இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பதும் உண்மை. இதே மாதிரி மணல் கேரளாவில் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் இருக்கிறது. அங்கே ஆர்.சி.சி. ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டது. அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை.

அதே கருநாகப்பள்ளி மக்களிடம் இன்னொரு கணக்கும் பார்த்தார்கள். பீடி பிடிக்கும் ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய், பிடிக்காதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. மணல் அதே மணல், பீடிதான் வித்தியாசம். மணல் அகழ்வு வேண்டுமா வேண்டாமா என்று ஊரில் நடப்பது வேறு வழக்கு. அதில் எந்தப் பக்கம் நின்றாலும் உங்கள் கையில் இருக்கும் சிகரெட்டுக்கு அது சாக்கு ஆகாது.

நிறுத்த முடியாததுக்கும் ஜீன்தான் காரணமா? அப்ப எனக்க தப்பு இல்லியே?

பாதி சரி. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், நிக்கோடினுக்கு அடிமையாவதில் சுமார் பாதிப் பங்கு பரம்பரையால் விளக்கப்படுகிறது. முன்பு சொன்ன சி.எச்.ஆர்.என்.ஏ.5 மாறுபாடு உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு சிகரெட் கூடுதலாகப் பிடிக்கிறார்கள். கல்லீரலில் நிக்கோடினைக் கரைக்கும் சி.ஒய்.பி.2ஏ6 என்ற ஜீனும் உண்டு. வேகமாகக் கரைப்பவருக்குச் சீக்கிரம் அடுத்த சிகரெட் தேவைப்படும்.

'தப்பு' என்ற பேச்சை விட்டுவிடலாம். ஒரே நேரத்தில் தொடங்கிய நண்பன் சட்டென்று விட்டுவிட்டான், உங்களால் முடியவில்லை என்றால் உங்கள் மனஉறுதி மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு மருந்தின் துணை கூடுதலாக வேண்டியிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஜீன் டெஸ்ட் வேண்டாம். காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று கேட்டாலே போதும். அரை மணிக்குள் என்றால் பிடி பலமாக இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் டாக்டரிடம் போய் மருந்தோடு நிறுத்துவதுதான் புத்தி.

கேன்சர் வந்தவங்களுக்கும் ஜீன் டெஸ்ட் எடுக்காங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. அவர்களுக்கு எடுப்பது கட்டியில் உள்ள செல்களின் ஜீன் மாற்றத்தை. ஈ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே என்று எழுதியிருக்கும். எந்த மாத்திரை வேலை செய்யும் என்று தெரிவதற்காக எடுப்பது. அந்த மாற்றம் பெரும்பாலும் வாழ்நாளில் கட்டிக்குள் மட்டும் உண்டானது, பிள்ளைகளுக்கு வராது. அப்பாவின் ரிப்போர்ட்டில் 'மியூட்டேஷன் பாசிட்டிவ்' என்று பார்த்துவிட்டு மகன் பயந்து ஓடி வருவது அடிக்கடி நடக்கிறது.

அப்ப யாருக்குத்தான் இந்த டெஸ்ட் உபயோகம்?

சிலருக்கு உண்மையிலேயே உபயோகம். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோயோ கருப்பைக் குழாய், சினைப்பைப் புற்றுநோயோ பலருக்கு இளவயதில் வந்திருந்தால், அவற்றோடு தொடர்புள்ள ஜீனைப் பார்க்கும் பி.ஆர்.சி.ஏ டெஸ்ட். புகைக்காமலோ கொஞ்சமே புகைத்தோ 40 வயதுக்குள் நுரையீரல் கெட்டுப்போன சொந்தக்காரர் இருந்தால் மேலே சொன்ன ஆல்ஃபா-1. இவை டாக்டர் கேட்டு, ஆலோசனையோடு எடுக்க வேண்டியவை. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் மரபணு மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

புகைக்கும் 20 வயதுப் பையனுக்கு நான் முக்கியமாகச் சொல்வது இன்னொன்று. அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், ரத்தக் கொழுப்பைப் பார்க்கும் சாதாரண லிப்பிட் டெஸ்ட் ஒன்று எடுங்கள். பிறவியிலேயே கெட்ட கொழுப்பு கூடுதலாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தக் கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., 190-க்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய் டெஸ்ட், மாத்திரையும் இருக்கிறது. அதோடு சிகரெட்டும் சேர்ந்தால் 35 வயதிலேயே ஆஞ்சியோ அறை வாசலில் நிற்க வேண்டி வரும்.

வெளிநாடு போற மெடிக்கல்ல இதெல்லாம் தெரியுமா? இன்சூரன்ஸ்காரன் கண்டுபிடிப்பானா?

வளைகுடா வேலைக்கு எடுக்கும் மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் மாதிரியானவைதான் பார்க்கிறார்கள். ஜீன் டெஸ்ட் கிடையாது. ஆனால் பழைய டிபி தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால் பிரச்சினை. புகைப்பவர்களுக்கு டிபி வாய்ப்பு கூடுதல் என்பதை மறக்க வேண்டாம்.

இன்சூரன்ஸ் கொஞ்சம் சிக்கல். அமெரிக்காவில் ஜீன் தகவலை வைத்து வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2008-இல் சட்டம் வந்தது. அங்கேயும் ஆயுள் காப்பீட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றம், 'மரபணு நோய்' என்று பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. அதையடுத்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அந்த விலக்கைப் பாலிசிகளில் சேர்க்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது.

அதைவிட உங்களுக்கு உடனே தட்டுப்படப் போவது வேறு. டெர்ம் பாலிசி என்கிற ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் 'புகைப்பீர்களா' என்ற கேள்வி இருக்கும். புகைப்பவருக்குப் பிரீமியம் கூடுதல். இல்லை என்று பொய் எழுதினால், நிக்கோடின் உடம்பில் மாறி உண்டாகும் கோட்டினினை ரத்தத்திலோ சிறுநீரிலோ பார்த்துக் கண்டுபிடிக்கலாம், கடைசியாகப் புகைத்துச் சில நாள் வரை தெரியும். பிறகு குடும்பத்துக்குப் பணம் வர வேண்டிய நேரத்தில் அந்தப் பொய் குறுக்கே நிற்கும்.

வீட்டுக்குத் தெரியுமா?

18 வயது முடிந்தவர் என்றால் ரிசல்ட் உங்களுக்குத்தான். ஆனால் நீங்கள் கொடுக்கும் போன் நம்பர் அம்மாவின் போனாக இருந்தால் எஸ்.எம்.எஸ். அங்கேதான் போகும்.

ஆன்லைன்ல கிட் வரவழைச்சா போதுமே, டாக்டர் எதுக்கு?

வரவழைக்கலாம், தடையில்லை. ஆனால் மூன்று விஷயம் யோசியுங்கள். ஒன்று, ரிப்போர்ட் 40, 50 பக்கம் வரும். அதில் தலைமுடி உதிர்வது முதல் காபி குடிப்பது வரைக்கும் இருக்கும், உங்களுக்கு வேண்டியது எந்த மூலையில் என்று சொல்ல ஆள் இருக்காது. இரண்டு, இந்தக் கணக்குகளுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். நமக்கு அதே எண்கள் அப்படியே பொருந்தாது. இந்தியர்கள் 10,000 பேரின் முழு ஜீனோமைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறக்கப்பட்டதே 2025 ஜனவரியில்தான்.

மூன்று, தகவல் எங்கே போகும் என்பது. இந்தத் தொழிலில் உலகப் புகழ்பெற்ற 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-இல் லட்சக்கணக்கானோரின் விவரங்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பாஸ்வேர்ட் திருடு போனால் மாற்றலாம், டி.என்.ஏ.வை மாற்ற முடியாது. அதில் உங்கள் தம்பி, தங்கை விவரமும் பாதி இருக்கிறது, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

நான் பிடிச்சா அது ஜீன்ல ஏறி எனக்க பிள்ளைக்குப் போவுமா?

நீங்கள் பிறக்கும்போது கொண்டுவந்த ஜீன் வேறு, வாழும்போது செல்களில் ஏற்படும் சேதம் வேறு. நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம் புகைத்தால், நுரையீரலின் ஒவ்வொரு செல்லிலும் சராசரியாக 150 டி.என்.ஏ. மாற்றங்கள் உண்டாவதாக 2016-இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. இவை உங்களோடு இருக்கும், பிள்ளைக்குப் போகாது. விந்தணுவின் டி.என்.ஏ.வையும் புகை கெடுக்கும். ஆனால் விந்தணு புதிதாக உருவாகச் சுமார் மூன்று மாதம்தான் ஆகும், அதனால் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் அதற்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். பிறந்த பிறகு அடுத்தவர் புகை அந்தக் குழந்தைக்கு ஆஸ்துமா, நிமோனியா வரைக்கும் கொண்டுபோகும். அதற்கு ஜீன் தேவையே இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. 2020-இல் வந்த இன்னொரு ஆய்வில், நிறுத்தியவர்களின் மூச்சுக்குழாயில் ஏறத்தாழ சேதமில்லாத, புகைக்காதவர்களின் செல்களைப் போன்ற செல்கள், இன்னும் புகைப்பவர்களைவிட நான்கு மடங்கு இருந்தன. எங்கோ ஒளிந்திருந்த நல்ல செல்கள் திரும்ப இடம்பிடிக்கின்றன.

வேப் பிடிச்சா பிரச்சினை இல்லல்லா?

நம் நாட்டில் 2019 முதல் அதை விற்பதே குற்றம். நிக்கோடின் அதிலும் இருக்கிறது, அடிமையாக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யும்.

நான் பிடிக்க மாட்டேன். என்னைக் கட்டப்போறவர் பிடிக்காரு. அவரை டெஸ்ட் எடுக்கச் சொல்லவா?

தங்கச்சி, வேண்டாம். ரிசல்ட் 'குறைவு' என்று வந்தால் அடுத்த பத்து வருடம் அந்தக் காகிதத்தைக் காட்டியே உங்கள் வாயை அடைப்பார். 'கூடுதல்' என்று வந்தால் இரண்டு வீட்டுக்கும் தெரிந்து கல்யாணப் பேச்சில் வேறு வம்பு வரும். இரண்டிலும் சிகரெட் நிற்காது. கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டதா? அதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு நாளைக் குறிக்கச் சொல்லுங்கள், நிறுத்தும் நாள் என்று. நிறுத்தும்போது எரிச்சல் படுவார், தூங்க மாட்டார், கூடத் தின்பார். முதல் மூன்று நான்கு நாள்தான் மோசம், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அந்த நாள்களில் சண்டையைத் தள்ளிப் போட முடிந்தால் அவருக்கு அதுவே பெரிய உதவி.

சரி அண்ணே, டெஸ்ட் வேண்டாம். பின்ன என்ன செய்ய?

உங்கள் வயதுதான் இந்த விஷயத்தில் உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து. பிரிட்டனில் டாக்டர்களையே 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004-இல் முடிவு சொன்னது. தொடர்ந்து புகைத்தவர்கள் சுமார் 10 ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 60 வயதில் நிறுத்தியவர்களுக்கு அதில் 3 ஆண்டு திரும்பக் கிடைத்தது, 50-இல் என்றால் 6, 40-இல் என்றால் 9. 30 வயதில் நிறுத்தியவர்களுக்கு ஏறத்தாழ முழுவதும். எந்த ஜீனும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் செய்வதில்லை.

1800-11-2356 என்பது புகையிலை நிறுத்த உதவும் தேசிய இலவச எண், தமிழிலும் பேசலாம். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். முறுக்கான் கடையில் ஒற்றைக் குச்சியாக வாங்குகிறவர்கள் பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சு நோய்ப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ சீட்டு எடுத்துக்கொண்டு போய் 'சிகரெட் நிறுத்தணும்' என்று நேராகச் சொல்லுங்கள்.

2 மி.கி. நிக்கோடின் கம் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். அதை மிட்டாய் மாதிரி மென்று தள்ளக் கூடாது. கொஞ்சம் மெல்ல வேண்டும், காரமாகச் சுரீர் என்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும், அது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் ஓடும். 'கம் சரியில்லை, விக்கல்தான் வந்தது' என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் வேகமாக மென்று விழுங்கியவர்கள். 4 மி.கி. வேண்டும் என்றாலோ வேரனிக்லின் மாதிரி மாத்திரை வேண்டும் என்றாலோ டாக்டர் சீட்டு தேவை.

செலவுக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு குச்சி 15 ரூபாய் என்றே வைத்தாலும், நாளுக்கு ஆறு என்றால் வருடத்துக்கு 32,850 ரூபாய்.

நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு. இப்ப டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா?

எடுக்கலாம், ஆசைப்பட்டால். குடும்பத்தில் 'யாருக்கு உபயோகம்' என்ற பதிலில் சொன்ன மாதிரி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டு எடுங்கள். இல்லை என்றால் அந்தப் பணத்தில் லிப்பிட், சர்க்கரை, பிரஷர் மூன்றையும் பாருங்கள். நிறுத்தி ஒரு வருடத்தில் புகையால் கூடியிருந்த இதய நோய் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கும், பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பும் பாதியாகும். லிப்பிடுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல், காலையில் டீ குடிக்காமல் ஏழரைக்கு வாருங்கள். தண்ணீர் குடிக்கலாம்.